நான்கு டிகிரி

மணவாள நகர்,
10.07.2024

அன்புள்ள ஹேமாவதிக்கு,

இந்தக் கடிதத்தில் எழுதப்போவது:

1. என் உடல்நலம்
2. மாமனார் மருமகளுக்கு இதைப் பற்றி எழுதலாமா என்ற தயக்கம்
3. டாக்டரம்மா சொன்ன காரணங்கள், எனக்குப் புரிந்த வரையில்
4. சபரியின் கூச்சம்
5. என்னால் செய்யக்கூடிய ஓர் உதவி

1. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. காதுதான் மோசம். போனில் நீ பேசுவதில் பாதி விழுவதில்லை. விழுந்ததுபோல 'சரிம்மா, சரிம்மா' என்று சொல்லிவிட்டுப் பிறகு வருந்துகிறேன். அதனால்தான் தபால். நீங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

2. உன் அத்தை உயிரோடு இருந்தால் இதையெல்லாம் அவள் பேசியிருப்பாள். எனக்கு நேரில் நாக்கு எழாது. எழுத்தில் என்றால் நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. தவறாகப் பட்டால் கிழித்துப் போட்டுவிடு.

3. போன வாரம் பொன்னேரி மருத்துவமனையில் டாக்டர் ஏஞ்சலின் உங்களிடம் பேசியபோது கதவோரம் நின்று குறித்துக்கொண்டேன். சிகிச்சை பலிப்பது பலவற்றைப் பொறுத்தது. முதலில் பெண்ணின் வயது; உனக்கு முப்பத்தாறு. அடுத்து கருமுட்டை இருப்பு. அதைக் காட்டும் ஏ.எம்.ஹெச். என்ற இரத்தப் பரிசோதனையில் உனக்கு 1.1. குறைவுதான், ஆனால் கைவிடும் அளவுக்கு இல்லை. கருக்குழாயில் அடைப்பில்லை. தைராய்டு சரி. பிறகு கணவனின் அணுக்கள், அவற்றின் எண்ணிக்கை, ஓட்டம். எல்லாவற்றையும்விட அவர் அழுத்திச் சொன்னது காலத்தைப் பற்றி. "ஒவ்வொரு மாசமும் முக்கியம்மா" என்றார். அதை இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன்.

4. பரிசோதனைக்கு மாதிரி கொடுக்க சபரி அந்தச் சிறிய அறைக்குள் இரண்டு முறை போய், இரண்டு முறையும் வெறும் டப்பாவோடு வந்துவிட்டான். நான் குறை சொல்லவில்லை. அவன் வயதில் நான் அந்த அறை வரைக்கும்கூடப் போயிருக்க மாட்டேன்.

5. வீட்டில் எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவரலாம் என்று டாக்டர் அனுமதித்திருக்கிறார். கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரிக்கு ரயிலில் இருபது நிமிடம். கவுண்டரில் நிற்க உங்களுக்குக் கூச்சமென்றால் நான் கொண்டுபோகிறேன். தொழிற்பேட்டைக் கழிவுநீர் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு ஆண்டு மாதிரி சுமந்தவன் நான். என் கையில் ஒரு மாதிரியும் கெட்டதில்லை. வேறு எதிலும் எனக்கு என்மேல் இவ்வளவு நம்பிக்கை கிடையாது.

உங்கள் நலம் விரும்பும்,
துலுக்காணம்

*

கும்மிடிப்பூண்டி,
19.07.2024

மாமா அவர்களுக்கு ஹேமாவதி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே இரண்டு பேரும் சுகம். உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. துணி அலமாரியில் என் சேலைக்கடியில் வைத்திருக்கிறேன்.

கல்யாணமாகி ஒன்பது வருடமாக என்னை எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "இன்னாம்மா, விசேசம் ஒண்ணுமில்லியா?" ஏன் இல்லை என்று ஒருவர் எண் போட்டு எழுதியது இப்போதுதான்.

அவருக்குப் படித்துக் காட்டினேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "வெளிய பெஞ்சுல நாலு பேரு ஒக்காந்துகினு கதவையே பாக்கறானுங்கடி. உள்ள ஃபேன் கிர்ரு கிர்ருன்னு சுத்துது. எவனால ஆவும்?" என்றார். ஐந்தாவது பாயிண்டைப் படித்ததும், "ஐயோ, நைனாவா?" என்று துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டுக்குள்ளிருந்து, "செரி, வரச் சொல்லு" என்றார்.

டப்பா கொடுத்த நர்ஸ் என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒரு மணி நேரத்துல வந்துடணும்னுச்சு. இன்னும் இன்னாவோ சொல்லிச்சு. நான் தலையே தூக்கல" என்கிறார்.

என் கம்பெனியில் இந்த மாத லீவு தீர்ந்துவிட்டது. நீங்கள்தான் உதவி, மாமா. காதுக்குச் சொட்டு மருந்து விடுகிறீர்களா?

உங்கள் மருமகள்,
ஹேமாவதி

*

மணவாள நகர்,
06.08.2024

அன்புள்ள ஹேமாவதிக்கு,

சௌகரியமாக வந்து சேர்ந்தேன். பெரியபாளையம் வழியாகப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ வேலைக்குப் போன பிறகு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். காலை 8.10க்கு சபரி குளியலறைக் கதவை ஒரு கை அகலம் திறந்து டப்பாவை நீட்டினான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, அவனும் வெளியே வரவில்லை. என் பழைய ஆய்வுக்கூடத் தெர்மாகோல் பெட்டியைக் கொண்டுவந்திருந்தேன். மாதிரி எடுத்த நிமிடமே நான்கு டிகிரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது எங்கள் முதல் பாடம். ஸ்டேஷன் வாசலில் பழவேற்காட்டு மீன் விற்கும் கங்கம்மாவிடம் ஐஸ் கேட்டேன்.

"இன்னா பெர்சு, மீனு வாணாம், ஐஸு மட்டும் வோணுமா? அப்படி இன்னாத்த வெச்சினுகீற உள்ள?"

"மருந்தும்மா" என்றேன்.

"டப்பு வாணாம் போ. மருந்துக்குப் போயி டப்பு வாங்குவாங்களா?" என்று இரண்டு கை அள்ளிப் போட்டாள்.

8.54க்கு கவுண்டரில் கொடுத்துவிட்டேன். நாற்பத்து நான்கு நிமிடம். பெட்டியோடு உள்ளே போக வெட்கமாக இருந்ததால் வாசலிலேயே டப்பாவை எடுத்துத் துடைத்துக் கொண்டுபோனேன். நல்ல முடிவு வரும் என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பது எனக்குப் பழக்கமில்லை.

அன்புடன்,
துலுக்காணம்

*

கும்மிடிப்பூண்டி,
28.08.2024

மாமா அவர்களுக்கு வணக்கம்.

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் நலம்தானே?

உங்கள் கடிதத்தைப் படித்து அவர் சிரித்தார். "நைனா அத்த இறா மாதிரி ஐஸ்ல போட்டு எடுத்துனு போயிருக்காருடி" என்றார். அவர் கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ரிப்போர்ட் வந்துவிட்டது. எண்ணிக்கை பரவாயில்லை. ஓட்டம் நான்கு சதவீதம். முப்பதுக்கு மேல் இருக்க வேண்டுமாம். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டு, சூட்டை விட்டு விலகியிருந்து, மறுபடி பார்க்கலாம் என்று டாக்டர் ஏஞ்சலின் சொன்னார். ரோலிங் மில்லில் பன்னிரண்டு வருடம் உலைப் பக்கம் நின்றதுதான் காரணமாக இருக்கலாமாம்.

அவரே போய் வேலை மாற்றம் கேட்டார். கேட்டில் உட்கார்ந்து வருகிற லாரி நம்பரை எழுதுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். அவருக்குக் கீழே வேலை பார்த்த பார்த்திபன் போகும்போதும் வரும்போதும், "சாருக்கு சூடு ஒத்துக்காதாம்பா, யாருனா ஜூஸ் குடுங்க" என்கிறானாம். இவர் குனிந்து லாரி நம்பரை எழுதுகிறாராம். "பேஜாரா இருக்குதுடி" என்று வந்து படுத்துக்கொள்கிறார்.

உங்கள்மேல் ஒரு குறையும் இல்லை. நீங்கள் அவ்வளவு பத்திரமாகக் கொண்டுபோயிருக்காவிட்டால் அந்த நான்கும் வந்திருக்காது என்று அவரிடம் சொன்னேன்.

ஹேமாவதி

*

மணவாள நகர்,
16.12.2024

அன்புள்ள ஹேமாவதிக்கு,

மழைக்காலம் முழுவதும் இருமல். இப்போது தேவலை. உனக்குச் சளி விட்டதா?

இரண்டாவது மாதிரியை இன்று கொடுத்து வந்தேன். போன முறை முடிவு அப்படி வந்ததில் என் பங்கு ஏதும் உண்டோ என்று நான்கு மாதமாக யோசித்தேன். ஆகஸ்ட் வெயிலில் பொன்னேரி போவதற்குள் ஐஸ் பாதி உருகியிருந்தது. குளிர் போதவில்லை என்று முடிவு செய்தேன். இம்முறை இரண்டு மடங்கு ஐஸ் வாங்கி, நடுவில் கல்லுப்பும் தூவினேன். உப்பு சேர்த்தால் குளிர் இன்னும் கூடும். நாற்பத்தொரு நிமிடத்தில் சேர்த்துவிட்டேன்.

கவுண்டர்ப் பெண், "இன்னா சார், இவ்ளோ சில்லுனு இருக்குது?" என்றாள். பின்னால் வரிசை நின்றது. "வெளியே மழைம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மாத்திரைக்கும் அவன் பொறுமைக்கும் பலன் இருக்கும்.

துலுக்காணம்

*

கும்மிடிப்பூண்டி,
09.01.2025

மாமாவுக்கு,

இருமல் விட்டதா? பொங்கலுக்கு நாங்கள் வரவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஓட்டம் பூஜ்யம். ஒன்றுகூட அசையவில்லையாம். டாக்டர் ஏஞ்சலின் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார். "எதுக்கும் ஒரு தடவ இங்கயே குடுத்துப் பாருங்களேன்" என்றார். இவர் எழுந்து நின்றுவிட்டார். "இனிமே ஒரு டப்பாவையும் நான் தொட மாட்டேன் மேடம். செத்ததத் திருப்பித் திருப்பி எண்ணி இன்னா பண்ணப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

என் ஏ.எம்.ஹெச். 0.7க்கு வந்துவிட்டது. இனிக் காத்திருக்க வேண்டாம், வேறொருவர் கொடையாகக் கொடுத்த அணுவை வைத்துச் செய்யலாம் என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து இவர் சொன்னதை உங்களிடம் எழுதக் கூடாது. எழுதுகிறேன். "உனுக்கு இன்னும் வயசு இருக்குது. நீ வேற யாரையாச்சும் கட்டிக்கோ. நான் பொணம்டி" என்றார். நான் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். பிறகு இரண்டு பேரும் சோற்றைப் பொறுக்கினோம்.

வேறு ஊரில் ஒரு டாக்டரிடம் காட்டலாம் என்று நினைக்கிறேன். பொன்னேரிக்குப் போய் எங்கள் ஃபைலின் நகலை வாங்கி அனுப்புவீர்களா?

ஹேமாவதி

*

மணவாள நகர்,
27.01.2025

அன்புள்ள ஹேமாவதிக்கு,

இக்கடிதத்தில்:
1. உடல்நலம்
2. ஃபைலின் நகல்
3.
4. ஒரு வேண்டுகோள்

1. நலம்.

2. பொன்னேரிக்குப் போய் வந்தேன். நகல் இத்துடன் இருக்கிறது. இருபத்தாறு தாள்.

3. இதைப் பிறகு எழுதுகிறேன்.

4. நான் உனக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் திருப்பி அனுப்ப முடியுமா? தேதிவாரியாக நகல் எடுத்து வைக்க வேண்டும். ஒன்றையும் விடாமல் அனுப்பு. குறிப்பாக ஆகஸ்ட் கடிதமும் டிசம்பர் கடிதமும்.

துலுக்காணம்

*

கும்மிடிப்பூண்டி,
05.02.2025

மாமாவுக்கு வணக்கம்.

கடிதங்களை அனுப்பியிருக்கிறேன். எண்ணிப் பாருங்கள், எல்லாம் இருக்கும். நகல் எடுத்ததும் திருப்பிக் கொடுங்கள். எங்களைப் பற்றி யாரும் இவ்வளவு எழுதியதில்லை.

வேறு டாக்டரிடம் போக இவர் ஒத்துக்கொள்ளவில்லை. இருபத்தாறு தாளையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க போனாலும் இதே பூஜ்யந்தான்" என்றார். கொடையாளி பாரத்தில் கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டார். நான்தான் தயங்குகிறேன். எனக்கு ஒரு குழந்தை வேண்டும் என்பது உண்மை. இவருடைய மூக்கோடு, இவருடைய முன்கோபத்தோடு வேண்டும் என்பதும் உண்மை. கேட்டால் சிரிப்பீர்கள். டாக்டர் என் முட்டை இன்னும் ஒரு முறைக்குத்தான் தாங்கும் என்கிறார். பங்குனியில் ஊசி ஆரம்பம். அதற்கு முன் வேறு வழி ஏதாவது உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள். நீங்கள் சொன்னால் இவர் கேட்பார்.

மூன்றாவது என்ன, மாமா?

ஹேமாவதி

*

கும்மிடிப்பூண்டி,
21.06.2025

மாமாவுக்கு,

உங்களிடமிருந்து ஏறக்குறைய ஐந்து மாதமாகக் கடிதம் இல்லை. இவர் போன் செய்தால் "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறீர்களாம். உடம்புக்கு ஏதாவது வந்து மறைக்கிறீர்களா?

பங்குனி முதல் தேதி வரை தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நானும் கையெழுத்துப் போட்டேன். பத்து நாள் ஊசி. இரண்டு முட்டைதான் கிடைத்தது. ஒன்று கருவானது. வைத்தார்கள். பதினான்காம் நாள் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இல்லை என்று சொன்னார்கள்.

இப்போது ஏ.எம்.ஹெச். 0.2. இனி என் முட்டையை வைத்து முயற்சி செய்வதில் பொருளில்லை என்று டாக்டர் ஏஞ்சலின் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மாத்திரைக்கென்று காத்திருந்த அந்த மாதங்கள் இருந்திருந்தால் என்று ஏதோ ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

இவர் கேட்டுக்குப் போகிறார், வருகிறார். நான் கம்பெனி லைனுக்குப் போகிறேன், வருகிறேன். நீங்கள் மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

ஹேமாவதி

*

மணவாள நகர்,
02.07.2025

ஹேமாவதிக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. நேராக எழுதுகிறேன்.

ஜனவரியில் உங்கள் ஃபைலை வாங்கப் போனபோது பெஞ்சில் என் பக்கத்தில் வள்ளூர் மின்நிலையத்தில் வேலை பார்க்கும் லோகு என்ற பையன் உட்கார்ந்திருந்தான். ஒரு கையை உடம்போடு இறுக்கி வைத்திருந்தான். "கையில் அடியா தம்பி?" என்றேன்.

"அடி இல்ல சார். சாம்பிள். அக்குள்ல வெச்சினுகீறேன்."

"ஐஸில் வைக்கவில்லையா?"

"ஐஸா? நல்லா கேட்டீங்க போ! ஐஸ்ல வெச்சா எல்லாம் செத்துடும் சார். ஒடம்பு சூட்டுலயே கொண்டாரணும்னு நர்ஸம்மா பத்து வாட்டி சொல்லி அனுப்பிச்சாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் எழுந்து கவுண்டருக்குப் போய் நகலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சபரியின் மாதிரியில் உயிர் இருந்திருக்கிறது. அதை நான் கொன்றேன், இரண்டு முறை. இரண்டாம் முறை உப்புப் போட்டு. 'மூன்றாவது என்ன' என்று நீ கேட்டதற்கு இதுதான் பதில்.

ஏன் இப்படி நடந்தது என்று எனக்கு நானே எழுதிப் பார்த்தேன்:

1. அறியாமை. கழிவுநீர் மாதிரியை நாங்கள் குளிரில் வைப்பதே அதிலுள்ள கிருமிகள் வளர்ந்து கணக்கைக் கெடுத்துவிடாமல் அடக்கத்தான். உயிரை அடக்கும் வேலையை முப்பத்தொரு ஆண்டு செய்தவனுக்கு, இங்கே உயிர் வேண்டும் என்பது ஒரு கணமும் தோன்றவில்லை.

2. அச்சம். கவுண்டர்ப் பெண் கேட்டபோது 'ஐஸில் கொண்டுவந்தேன்' என்று சொல்லியிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். வரிசையில் நின்றவர்களுக்குப் பயந்து மழையைச் சொன்னேன்.

3. தெரிந்த பிறகும் வாய் திறக்காதது. அது உங்கள் நிம்மதிக்காக. நீங்கள் இருவரும் மெல்ல மெல்ல மனத்தைத் தேற்றிக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தீர்கள். அதில் மறுபடி கல்லெறிய எனக்கு மனம் வரவில்லை.

கடிதங்களைத் திருப்பி அனுப்புகிறேன். ஆகஸ்ட் கடிதத்தைக் கிழிக்கத்தான் கேட்டேன். கிழிக்கவில்லை.

துலுக்காணம்

*

15.07.2025

நீங்கள் எழுதியதை இவருக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். மறுநாள் காலையில் தனியாகப் பொன்னேரிக்குப் போனார். அதே சின்ன அறை, அதே ஃபேன். எப்படி முடிந்தது என்று நான் கேட்கவில்லை. ஓட்டம் ஐம்பத்தெட்டு சதவீதம்.

தாளை மடியில் வைத்துக்கொண்டு, "நைனா கையில குடுக்கும்போது உசுரோடதான் இருந்துச்சு போலக்குதுடி" என்றார். பிறகு மில்லுக்குப் போய்ப் பழைய வேலையைக் கேட்டார். அதில் பார்த்திபனைப் போட்டுவிட்டார்கள்.

ஐஸை நான் மன்னித்துவிட்டேன். அந்தக் கடிதத்தை நானும்தான் படித்தேன், இவரும்தான் படித்துச் சிரித்தார். நர்ஸ் சொன்னதை இவரும்தான் காதில் வாங்கவில்லை. மழை என்று சொன்னதையும் மன்னிக்கப் பார்க்கிறேன்.

ஆனால் பிப்ரவரியில் வேறு வழி உண்டா என்று நான் உங்களைக் கேட்டேன். அப்போது என்னிடம் இரண்டு முட்டை இருந்தது. இவர் நன்றாக இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். ஐந்து மாதம் தெரியும். மூன்றாவதில் எங்கள் நிம்மதிக்காக என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் இன்னொரு தடவை நீங்களே படித்துப் பாருங்கள்.

இனி நான் எழுத மாட்டேன். உங்களுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்க மாதம் ஒரு முறை இவர் வருவார்.

ஹேமாவதி

*

மணவாள நகர்,
24.07.2025

ஹேமாவதிக்கு,

பதில் வேண்டாம். நேற்று சபரி வந்தான். மாத்திரையை மேசைமேல் வைத்தான். "டீ போடட்டுமா?" என்றேன். "வாணாம் நைனா, ட்ரெயினுக்கு டைம் ஆச்சு" என்றான். ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

நீ சொன்னபடி மூன்றாவதைப் படித்துப் பார்த்தேன். முதலில் ஒரு சொல்லை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். 'நிம்மதிக்காக' என்பதை அடித்துவிட்டு 'நிம்மதியை எண்ணி' என்று எழுதினேன். பிறகு அதையும் அடித்தேன்.

ஜனவரி மாதம் அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்தபோது எனக்கு உன் நினைவு வரவில்லை. சபரியின் நினைவும் வரவில்லை. ஆகஸ்ட் கடிதத்தில் ஐஸ் என்று எழுதியிருக்கிறோமே, அது அவள் கையில் இருக்கிறதே என்பதுதான் தோன்றியது. நீ கேட்ட பிறகு ஒவ்வொரு நாளும் பேனாவை எடுத்தேன். உன் ஊசி தொடங்கும் தேதி எனக்குத் தெரியும், நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தேன். அந்தத் தேதி கடந்துவிட்டால் சொல்ல வேண்டிய அவசியம் போய்விடும் என்று காத்திருந்தேன். அது கடந்த அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாவது எண்ணில் நான் எழுதியது தவறு.

துலுக்காணம்